துவர்க்கும் ஆப்பிள்
(சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



"அங்கே என்னப்பா பண்றே?" என்று காலையிலிருந்து எல்லோரும் கேட்கிறீர்கள். பிழைப்புக்குப் பம்பு வடிவமைக்கிறேன். அக்டோபர் வந்தால் ஆப்பிள் பிழிகிறேன். நான் இருக்கும் இங்கிலாந்தின் ஹியர்ஃபோர்டுஷயர், சைடர் என்கிற ஆப்பிள் மதுவுக்குப் பேர் போன சீமை. (முதல்வர் ஐயா மன்னிக்கணும். வீட்டு உபயோகத்துக்குச் செய்துகொள்ள அங்கே சட்டம் அனுமதிக்கிறது.)

முதல் வருஷம் கடையில் பளபளவென்று இருந்த ஆப்பிளாக 20 கிலோ வாங்கினேன். 10 லிட்டர் சாறு வந்தது. அமிர்தம்! புளித்து முடிந்ததும் குடித்தால், தண்ணீரில் எலுமிச்சை பிழிந்த மாதிரி இருந்தது. சர்க்கரையை ஈஸ்ட் தின்றுவிடுகிறது. மிஞ்சுவது புளிப்பும் துவர்ப்பும்தான். தின்கிற பழத்தில் துவர்ப்பு ஏது?

பக்கத்துத் தோட்டக்காரர் 'டாபினெட்' என்ற பழத்தைக் கொடுத்தார். கடித்ததும் இனித்தது. அப்புறம் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது, வாழைப்பூவைப் பச்சையாய்த் தின்ற மாதிரி. சைடருக்கு வேண்டியது அதுதானாம். பிரிஸ்டல் அருகே லாங் ஆஷ்டனில் 1903-இலேயே கணக்குப் போட்டிருக்கிறார்கள்: அமிலம் 0.45 சதவீதத்துக்கு மேலிருந்தால் புளிப்பு ரகம், டானின் 0.2-க்கு மேலிருந்தால் துவர்ப்பு ரகம். 'கிங்ஸ்டன் பிளாக்' பழத்தில் இரண்டும் உண்டு, தனியாகவே பிழியலாம். எனக்குக் கிடைப்பதில்லை. டாபினெட் மூன்று பங்கு, 'பிராம்லி' என்ற சமையல் ஆப்பிள் ஒரு பங்கு. இதுதான் என் கலவை.

இரண்டாம் வருஷம் ருசி அமைந்தது. புத்திதான் அமையவில்லை. ஹைட்ரோமீட்டரில் 1.050-இல் தொடங்கிய சாறு 1.000 பக்கம் இறங்க வேண்டும். கிறிஸ்துமஸ் அவசரத்தில், 1.012 காட்டும்போதே சாதாரண ஒயின் பாட்டில்களில் ஊற்றித் திருகு மூடி போட்டுவிட்டேன். குளிரில் தூங்கிய ஈஸ்ட், மார்ச் வெயிலில் விழித்தது. ஒரு ராத்திரி கொட்டகையில் மூன்று பாட்டில் வெடித்தன. மரக்கதவில் கண்ணாடிச் சில் குத்தி நின்றது. ஒரு மணி நேரம் முன்புதான் என் மகள் அங்கே சைக்கிளை விட்டுவிட்டு வந்திருந்தாள்.

அழுத்தம்தானே என் தொழிலே! மீதிப் பாட்டில்களை, வெல்டிங் முகமூடி மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகத் திறந்தேன்.

இப்போது இரண்டு வார இடைவெளியில் இரண்டு முறை 1.000 அருகே ஒரே அளவு காட்டினால்தான் மூடி. முதலாண்டு ஆய்வகத்தில் ஹைட்ரோமீட்டர் அளவுகளைப் பக்கத்து நண்பனின் ரெக்கார்டிலிருந்து காப்பியடித்தவன் நான். அவர் மூன்றாம் வரிசையில்தான் உட்கார்ந்து சிரிக்கிறார். இப்போது நானே பார்த்து எழுதுகிறேன், சார்.