நிழற்படங்களைத் திருத்தலும் பேணலும்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் இளைஞர்களுக்காக ஆற்றிய உரை)

     

டிஜிட்டல் கேமராவில் படமெடுக்கும் நம் இளைஞர்கள் எந்த மென்பொருளைக் கற்பது நலம் என்பதுபற்றிப் பேசுமாறு சங்கத்தார் என்னைப் பணித்திருக்கிறார்கள். வெள்ளி விழா மேடையில் இத்தகைய தொழில்நுட்பப் பேச்சு எதற்கு என்று சிலர் எண்ணக்கூடும். நம் பிள்ளைகளில் பலர் இன்று திருமண வீடுகளிலும் பொது நிகழ்ச்சிகளிலும் படமெடுத்துப் பிழைப்பு நடத்துகின்றனர். அவர்களுக்கு இது தொழிலைப் பற்றிய கேள்வி. சமுதாயத்திற்கோ இது நம் நினைவுகளை யார் காப்பது என்னும் கேள்வி. இவ்விரண்டையும் மனத்திற்கொண்டே பேச விரும்புகிறேன்.

கோடாக் நிறுவனத்தின் பொறியாளர் ஸ்டீவன் சாசன் 1975ஆம் ஆண்டில் அமைத்த முதல் டிஜிட்டல் கேமரா, 100க்கு 100 புள்ளிகள் கொண்ட ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தைக் கேசட் நாடாவில் பதிவதற்கு 23 விநாடிகள் எடுத்துக்கொண்டது. இன்று கைப்பேசியே ஒரு விநாடியில் பல படங்களை எடுத்துவிடுகிறது. பிலிம் சுருளில் 36 படங்கள் என்றிருந்த காலத்தில் ஒவ்வொரு படத்தையும் எண்ணி எடுத்தார்கள். இன்று ஒரே திருமணத்தில் ஆயிரக்கணக்கில் எடுக்கிறார்கள். எடுப்பது எளிதாகிவிட்டது, எடுத்தவற்றுள் வேண்டிய ஒன்றைத் தேடிக் கண்டுபிடிப்பது அரிதாகிவிட்டது. எனவே, படமெடுப்பவருக்கு இருவகை மென்பொருள்கள் தேவைப்படுகின்றன. ஒன்று படத்தைத் திருத்துவதற்கு. மற்றொன்று படங்களை வகைப்படுத்தி அடுக்கி வைப்பதற்கு.

முதலில் திருத்தும் மென்பொருள்களை எடுத்துக்கொள்வோம். இத்துறையில் யாவரும் அறிந்த பெயர் ‘போட்டோஷாப்’. தாமஸ் நோல், ஜான் நோல் என்னும் அமெரிக்கச் சகோதரர்கள் உருவாக்கிய இம்மென்பொருளை அடோபி நிறுவனம் 1990ஆம் ஆண்டில் வெளியிட்டது. படத்தின்மேல் கண்ணாடித் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, ஒவ்வொரு தாளிலும் தனித்தனியே வேலை செய்வது போன்ற ‘லேயர்’ முறை அதன் பெருஞ்சிறப்பு. கிழிந்த பழைய படத்தைச் சீராக்கவும், ஆல்பப் பக்கங்களை அமைக்கவும், அழைப்பிதழ்களையும் பேனர்களையும் வடிவமைக்கவும் ஸ்டூடியோக்களில் அது பெரிதும் பயன்படுகிறது.

அவ்வேலைகளுள் பெரும்பாலானவற்றை விலையின்றிச் செய்து தருவது ‘கிம்ப்’. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்கிலி வளாகத்தில் பயின்ற இரு மாணவர்கள் 1995ஆம் ஆண்டில் தொடங்கிய முயற்சி அது. ஒருமுறை செய்த திருத்தத்தைப் பிறகு மாற்றியமைக்கும் வசதி அதில் நெடுங்காலம் இல்லாதிருந்தது. 2025ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் வெளிவந்த 3.0 பதிப்பில் அக்குறை பெரிதும் நீங்கியது. ஆயினும் அச்சகங்களுக்குத் தேவையான நால்வண்ண முறையில் போட்டோஷாப்புக்கு உள்ள வசதி கிம்புக்கு இல்லை. ஆகவே, அச்சுத் தொழிலோடு தொடர்புடைய வேலையை நாடுவோர் போட்டோஷாப்பைக் கற்றேயாக வேண்டும். புதிதாகப் பயிலத் தொடங்கும் மாணவருக்குக் கிம்ப் போதுமானது.

அடுத்து, ‘ரா’ என்னும் கோப்பைப்பற்றிச் சொல்லவேண்டும். கேமராவின் ஒளியுணரி பதிந்ததை ஏறத்தாழ அப்படியே வைத்திருப்பது ரா கோப்பு. பழைய காலத்து நெகட்டிவுக்கு அதனை ஒப்பிடலாம். நாம் வழக்கமாகப் பார்க்கும் ஜேபெக் கோப்பில் ஒவ்வொரு வண்ணத்திற்கும் 256 படிகளே உண்டு. 14 பிட் ரா கோப்பிலோ 16,384 படிகள் உண்டு. இந்த நெகட்டிவைக் கழுவித் தருகின்ற மென்பொருள்களுள் அடோபியின் ‘லைட்ரூம்’ 2007ஆம் ஆண்டிலும், இலவச மென்பொருளான ‘டார்க்டேபிள்’ 2009ஆம் ஆண்டிலும் வெளிவந்தன. ‘ரா தெரபி’ என்னும் மற்றோர் இலவச மென்பொருளும் உண்டு. லைட்ரூம் கற்பதற்கு எளிது. வேலையும் விரைவாக முடியும். டார்க்டேபிளைக் கற்க உழைப்பு அதிகம் வேண்டும். ஆனால் கற்றவருக்கு அது தரும் ஆற்றல் குறைந்ததன்று.

இந்த ரா கோப்பு நமக்கு ஏன் முக்கியம்? வெள்ளை வேட்டியும் வெள்ளைச் சட்டையும் அணிந்த பெரியவர் ஒருவர் வெயிலில் நிற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். கேமராவின் ஒளிமானி அந்த வெண்மையைக் கண்டு ஒளியைக் குறைத்துவிடுகிறது. சட்டை நன்றாக விழுகிறது, முகம் இருண்டுவிடுகிறது. ரா கோப்பு இருந்தால், நிழற்பகுதியை மட்டும் உயர்த்தி, கண்ணின் ஒளியையும் நெற்றியின் சுருக்கங்களையும் மீட்டுவிடலாம். ஜேபெக்கில் அதே வேலையைச் செய்தால் முகம் சாம்பல் பூசியதுபோல் ஆகிவிடும்.

இருண்ட முகத்திற்கு ஒளி தருவது வேறு. கறுத்த முகத்தை வெளுப்பாக்குவது வேறு. அமெரிக்காவில் 1950களிலிருந்து வண்ணப்படம் அச்சிடும் கூடங்களுக்குக் கோடாக் நிறுவனம் அனுப்பிய அளவுகோல் அட்டைகளில் வெள்ளையினப் பெண் ஒருத்தியின் படமே இருந்தது. ‘ஷெர்லி அட்டை’ என்று அதற்குப் பெயர். அவள் நிறம் சரியாக வந்துவிட்டால் எல்லாப் படமும் சரி என்று கொள்ளப்பட்டது. கறுத்த மேனி சரியாக வந்ததா என்று பார்ப்பதற்கு அளவுகோலே இல்லை. பல நிறத்தவரும் இடம்பெற்ற அட்டைகள் பிற்காலத்தில்தான் வந்தன. இன்றோ கைப்பேசிகளில் ‘பியூட்டி’ என்னும் பெயரால் முகத்தை வெளுக்கச் செய்யும் வசதியை வைத்து விற்கிறார்கள்.

நண்பர்களே! கருமை, மென்பொருளால் திருத்தப்படவேண்டிய பிழையன்று. ஒளிக்குறைவே பிழை. நம்மை நிறத்தாலும் பிறப்பாலும் தாழ்த்திய சமுதாயத்தின் கண்ணை, நம் பிள்ளைகளே கணிப்பொறிக்குள் கொண்டுவந்து நம் மணப்பெண்களின் முகத்தின்மேல் வைப்பது வருந்தத்தக்கது. “வாடிக்கையாளரே கேட்கிறார், பிழைப்பு நடக்கவேண்டாமா?” என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். அவர் கேட்கும் படத்தை ஒன்றும், நல்லொளியில் உள்ள நிறத்தோடு ஒன்றும் அச்சிட்டு, இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். தம் மகளின் முகத்தை எதில் காண்கிறார் என்று அவரே முடிவு செய்யட்டும்.

இனி, அடுக்கி வைக்கும் மென்பொருள்களுக்கு வருவோம். திருத்துவதைவிட இது பெரிதென்பது என் கருத்து. மங்கிய படத்தை நூறாண்டு கழித்தும் ஒருவர் திருத்திவிட முடியும். படத்தில் இருப்பவர் யார் என்பது, அறிந்தவர்கள் மறைந்தபின் எந்த மென்பொருளாலும் மீளாது. ஆட்சியாளரின் படத்திற்குக் கீழே பெயர் இருக்கும். அவர் பக்கத்தில் குடை பிடித்து நின்றவருக்குப் பெயர் இராது. நம் முன்னோர்களின் படங்களே மிகச் சில. அவையும் பெயரின்றி நிற்பது நமக்கு இரண்டாவது இழப்பாகும்.

ஒரு டிஜிட்டல் படத்திற்குப் பெயரை எங்கே எழுதுவது? இதுதான் முதன்மையான கேள்வி. இரண்டு இடங்கள் உண்டு. ஒன்று, படக் கோப்புக்கு உள்ளேயே இருக்கும் குறிப்புப் பகுதி. படம் எடுத்த நாளையும் கேமராவின் விவரங்களையும் கேமராவே ‘எக்சிப்’ என்னும் பகுதியில் எழுதிவிடுகிறது. பெயர், இடம், நிகழ்ச்சி ஆகியவற்றை நாம் ‘ஐ.பி.டி.சி.’, ‘எக்ஸ்.எம்.பி.’ ஆகிய பொது முறைகளில் எழுதலாம். பத்திரிகை நிறுவனங்கள் பயன்படுத்தும் முறை இதுவே. இதில் தமிழிலேயே எழுதலாம். மற்றோர் இடம், அந்தந்த மென்பொருள் தனக்கென வைத்துக்கொள்ளும் கணக்குப் புத்தகம். படத்தின் முதுகில் எழுதுவதற்கும், படத்திற்கு எண் கொடுத்துவிட்டுப் பெயரை வேறொரு நோட்டில் எழுதி வைப்பதற்கும் உள்ள வேறுபாடு இது. நோட்டு தொலைந்தால் பெயரும் தொலையும்.

லைட்ரூம் கிளாசிக் எழுதுவதெல்லாம் முதலில் அதன் கணக்குப் புத்தகத்திற்கே செல்கிறது. குறிப்புகளைப் படக் கோப்பிலும் எழுதுமாறு நாம்தான் அமைத்துக்கொள்ள வேண்டும். டார்க்டேபிள், ஒவ்வொரு படத்தின் அருகிலும் அதே பெயரில் ஒரு சிறு துணைக்கோப்பை வைத்து அதில் எழுதுகிறது. படத்தை வேறிடத்திற்கு மாற்றும்போது துணைக்கோப்பையும் உடன் மாற்றவேண்டும். ‘டிஜிகேம்’ என்னும் இலவச மென்பொருள், தக்கவாறு அமைத்துக்கொண்டால் படத்திற்குள்ளேயே எழுதிவிடும். முகங்களைக் கண்டுபிடித்து, ஒருவர் பெயரைச் சொன்னால் அவர் இருக்கும் பிற படங்களையும் தேடித் தரும் வசதி அதில் உண்டு. அவ்வேலையை நம் கணிப்பொறியிலேயே செய்கிறது. படங்களை வெளியே எங்கும் அனுப்புவதில்லை. ஒரே படத்தின் இரட்டைப் பிரதிகளையும் கண்டுபிடித்துத் தருகிறது. ஆயிரக்கணக்கான படங்களைப் பேணவேண்டிய சங்கம் ஒன்றுக்கு டிஜிகேமே ஏற்றது என்பது என் முடிவு.

இம்முடிவுக்குக் காரணம் விலை மட்டுமன்று. கடந்த சில ஆண்டுகளில் நடந்தவற்றைப் பாருங்கள். ஆப்பிள் நிறுவனத்தின் ‘அப்பெர்ச்சர்’ 2005ஆம் ஆண்டில் வந்தது. 2015ஆம் ஆண்டில் விற்பனை நின்றது. பல வீடுகளில் பயன்பட்ட ‘பிகாசா’வைக் கூகுள் நிறுவனம் 2016ஆம் ஆண்டில் கைவிட்டது. ‘கூகுள் போட்டோஸ்’ உயர்தரம் எனப் பெயரிட்ட படங்களை அளவின்றி இலவசமாக ஏற்று வந்தது. 2021ஆம் ஆண்டு ஜூன் முதல் நாளிலிருந்து அச்சலுகை நின்று, புதிய படங்கள் 15 ஜி.பி. என்னும் இலவச அளவுக்குள் அடங்கவேண்டியதாயிற்று. 2015ஆம் ஆண்டில் வெளிவந்த லைட்ரூமின் ஆறாம் பதிப்புக்குப் பிறகு ஒரே தடவை விலை கொடுத்து வாங்கும் முறை இல்லை. தவணை கட்டிக்கொண்டே இருக்கவேண்டும். தவணை நின்றால், லைட்ரூம் கிளாசிக்கில் படங்களைப் பார்க்கலாம், வெளியே எடுக்கலாம். திருத்தும் பகுதி மூடப்பட்டுவிடும். குத்தகை நிலத்தில் வீடு கட்டினால் என்ன நேரும் என்பது நம் மக்களுக்குப் புதிதாகச் சொல்லவேண்டியதில்லை.

இலவச மென்பொருளுக்கும் குறைகள் உண்டு. சந்தேகம் வந்தால் கேட்பதற்குப் பக்கத்து ஸ்டூடியோவில் ஆள் கிடைப்பதரிது. வேலைக்கு ஆள் தேடும் முதலாளி போட்டோஷாப்பையும் லைட்ரூமையும்தான் கேட்பார். ஆதலால் வேலைக்காக அவற்றைக் கற்றுக்கொள்ளுங்கள், அதில் தவறில்லை. ஆனால் எதை வாங்குமுன்பும் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். மூலப்படத்தைத் தொடாமல் திருத்துகிறதா? நான் எழுதும் பெயர்கள் படத்தோடு செல்கின்றனவா? நான் பணம் கட்டுவதை நிறுத்தினாலும், நிறுவனமே கடையை மூடினாலும், என் உழைப்பு என்னிடம் இருக்குமா? மூன்றுக்கும் ‘ஆம்’ என்ற விடை கிடைத்தால் அம்மென்பொருளை நம்பலாம்.

1907ஆம் ஆண்டில் சென்னையில் பண்டிதர் அயோத்திதாசர் தொடங்கிய ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழை நீங்கள் அறிவீர்கள். அவ்விதழில் வெளிவந்த அவர் எழுத்துக்கள் 1999ஆம் ஆண்டில் பெருந்தொகுதிகளாக வெளிவந்து ஆய்வாளர்களின் கைக்கு எட்டின. பழைய இதழ்களை யாரோ வீட்டில் கட்டி வைத்துக் காத்ததனால்தான் அது இயன்றது. காத்தவர்கள் இல்லையேல் அவ்வறிவு நமக்குக் கிடைத்திராது. எழுத்துக்கு நேர்ந்த இந்த நற்பேறு நம் படங்களுக்கும் நேரவேண்டும்.

அதற்கு இச்சங்கத்தின் இளைஞர்கள் செய்யக்கூடிய பணி ஒன்றுண்டு. ஒவ்வொரு வீட்டிலும் உள்ள பழைய படங்களை இரவலாகப் பெற்று, அங்குலத்திற்கு 600 புள்ளிகள் என்னும் அளவில் ஸ்கேன் செய்யுங்கள். 4க்கு 6 அங்குலப் படம் 2400க்கு 3600 புள்ளிகளாக விழும். சுருக்கப்படாத டிஃப் கோப்பாக வைத்தால் ஏறத்தாழ 26 எம்.பி. ஆகும். படத்தை அன்றே உரியவரிடம் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கொடுக்கும்போது பாட்டியின் அருகே அமர்ந்து, யார் யார், எந்த ஊர், எந்த ஆண்டு என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அவற்றைப் படத்திற்குள் பதியுங்கள். பிறர் பார்வைக்கு வைக்கலாமா என்று வீட்டாரின் ஒப்புதலையும் கேளுங்கள். மறுத்தால் அதனை மதியுங்கள்.

திருத்தம் எதுவாயினும் பிரதியில் செய்யுங்கள், மூலத்தைத் தொடாதீர்கள். ஒவ்வொன்றுக்கும் மூன்று பிரதிகள் இருக்கட்டும். இருவேறு வகைச் சாதனங்களில் இருக்கட்டும். அவற்றுள் ஒன்று வேறோர் ஊரில் இருக்கட்டும். வெள்ளத்திலும் தீயிலும் முதலில் அழிவது தாழ்ந்த பகுதியில் இருக்கும் வீடுகளே என்பதை நாம் மறந்துவிடலாகாது. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அளவு சுருங்குவதோடு உள்ளே எழுதிய குறிப்புகளும் நீங்கிவிடும். ‘டாக்குமெண்ட்’ என்னும் வழியில் அனுப்புங்கள்.

25 ஆண்டுகளாக இச்சங்கம் நம் பிள்ளைகளின் கையில் புத்தகத்தைக் கொடுத்து வந்திருக்கிறது. அப்பிள்ளைகள் இன்று கேமராவையும் கணிப்பொறியையும் கையாளும் நிலைக்கு உயர்ந்திருப்பது நமக்கெல்லாம் பெருமை. அந்த அறிவின் ஒரு பகுதியை, தம்மைப் படிக்கவைத்த தலைமுறையின் முகங்களையும் பெயர்களையும் காப்பதற்குச் செலவிடுமாறு அவர்களை அன்போடு கேட்டுக்கொள்கிறேன். சங்கத்தின் பொன் விழா மலரைத் தொகுக்கப்போகிறவர்கள் இன்று உங்களிடையே மாணவர்களாக அமர்ந்திருக்கிறார்கள். அம்மலரில் வரும் ஒவ்வொரு படத்தின் கீழும், முன்வரிசையில் இருப்பவர் முதல் பந்தலின் ஓரத்தில் நிற்பவர் வரை, அனைவருடைய பெயரும் அச்சாகட்டும் என வாழ்த்துகிறேன்.