தாதியர் உயர்கல்வியும் தலைமைத்துவமும்

(சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



பல்கலைக்கழகத்திலே பட்டமேற்படிப்புப் படிக்கும் தாதியர், தலைமைத்துவக் கொள்கைகளையும் முகாமைத்துவக் கொள்கைகளையும் ஏன் கற்கவேண்டும் என்பதே இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள். இப்பொருளுக்கும் இச்சபைக்கும் யாது தொடர்பு எனச் சிலர் வினவக்கூடும். நம்மில் நோய் வாய்ப்படாதார் எவருமிலர். நம் பெற்றோரோ பிள்ளைகளோ ஆஸ்பத்திரிக் கட்டிலிலே கிடக்கும் இரவில், அவர்கள் உயிரைக் காக்கும் பொறுப்புத் தாதியர் கையிலேயே இருக்கின்றது. அக்கைகள் எத்தகைய ஒழுங்கின்கீழ் இயங்குகின்றன என்பது நம் எல்லோரையும் பற்றிய விஷயமன்றோ?

திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்திலே மருத்துவத்தை நான்கு கூறாக வகுத்தார். நோயுற்றவன், மருத்துவன், மருந்து, அருகிருந்து பணிசெய்பவன் என்பன அவை. நான்காமவனை வெறும் ஏவலாளன் என்று ஒதுக்கிவிடாது, மற்றை மூன்றனோடும் ஒப்ப வைத்து எண்ணிய நுட்பத்தை நாம் சிந்தித்தல் வேண்டும். நான்கில் ஒன்று குறைந்தாலும் மருத்துவம் நிறைவுறாது.

"நல்லது; தாதிக்கு வேண்டியது இரக்கமுள்ள நெஞ்சும் பழகிய கையுமே. தலைமை என்பது பிறவிக்குணம். அல்லது அநுபவத்தால் வருவது. அதனைப் புத்தகத்திலே படிப்பதெங்ஙனம்?" என்று பெரியோர் சிலர் கேட்பர். நியாயமான கேள்வி. இதற்கு விடை கூறத் தக்கவர் புளோரன்ஸ் நைற்றிங்கேல் அம்மையாரே.

கிரைமியப் போர்க் காலத்தில், 1854 நவம்பரில், அம்மையார் 38 தாதியருடன் ஸ்குட்டாரியிலிருந்த இராணுவ ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தார். அவருடைய இரக்கத்துக்கும் உழைப்புக்கும் எல்லையில்லை. ஆயினும் வந்த முதல் மாரிக்காலத்தில் மரணம் குறையவில்லை, பெருகியது. 1855 மார்ச்சில் சுகாதார ஆணைக்குழுவினர் வந்து, கட்டடத்தின் கீழிருந்த கழிவுக் கால்வாய்களைத் துப்புரவாக்கிக் காற்றோட்டத்தையும் சீர்செய்த பின்னரே மரணம் விரைந்து குறைந்தது. நாடு திரும்பிய அம்மையார், புள்ளிவிபர அறிஞரான வில்லியம் பார் என்பவரின் துணையோடு கணக்குகளை ஆராய்ந்து, போர்க்காயத்திலும் பார்க்கச் சுகாதாரக் கேடே பெருந்தொகையினரைக் கொன்றது என்பதை உலகுக்குக் காட்டினார். அன்பு மட்டும் போதாது. அன்பு பயன்படுதற்கேற்ற ஒழுங்கும் வேண்டும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று யாது?

1859இல் அவர் வெளியிட்ட தாதிமை பற்றிய நூலிலே, சிறு காரியங்களின் முகாமை பற்றித் தனி அத்தியாயமே உண்டு. நாம் அருகில் நிற்கும்போது நடக்கும் காரியம் நாம் இல்லாத வேளையிலும் நடக்குமாறு ஒழுங்கு செய்யாவிடின், மற்றைச் சிறப்பெல்லாம் பயனிலவாம் என்பதே அதன் கருத்து. ஒரு தாதி எட்டு மணி நேரம் கடமையில் நிற்கின்றார். நோயாளியோ இருபத்துநான்கு மணி நேரமும் கிடக்கின்றார். எஞ்சிய பதினாறு மணி நேரத்தை ஆள்வது எது? அதுவே முகாமை. நம் உரைக்கெல்லாம் கரு இதுதான்.

இவ்வுண்மையை உணர்ந்தமையாற்றான், 1899இல் நியூயோர்க் நகரில், கொலம்பியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆசிரியர் கல்லூரியில், பயிற்சி முடித்த தாதியர்க்கென ஆஸ்பத்திரிப் பொருளியல் என்னும் பாடநெறி தொடங்கப்பெற்றது. அதற்காக உழைத்தவர்களுள் இசபெல் ஹம்ரன் றொப் அம்மையார் முதன்மையானவர். 1907இல் அங்கே பேராசிரியராக அமர்ந்த அடிலெயிட் நற்றிங் அம்மையாரே பல்கலைக்கழகப் பேராசிரியரான முதல் தாதி. ஆகவே தாதியர் முகாமை கற்பது நேற்று முளைத்த நாகரிகமன்று. தாதியரின் பல்கலைக்கழகக் கல்வி பிறந்தபோதே உடன்பிறந்தது.

இனி, அவர்கள் கற்கும் கொள்கைகளுட் சிலவற்றை நோக்குவோம்.

1939இல் கேர்ட் லெவின் என்னும் உளநூலறிஞரும் அவர்தம் துணைவர் இருவரும் சிறுவர் கழகங்களில் நிகழ்த்திய பரிசோதனையின் முடிபுகளை வெளியிட்டனர். ஒரு தலைவர் கட்டளையிட்டே நடத்துவார். மற்றொருவர் சிறுவரோடு கலந்து முடிவு செய்வார். வேறொருவர் எதுவும் சொல்லாது விட்டுவிடுவார். கட்டளைத் தலைவர் முன்னிற்கும்போது வேலை நன்றாகவே நடந்தது. அவர் அறையை விட்டு நீங்கியதும் வேலை தளர்ந்தது. கலந்து நடத்திய தலைவர் நீங்கிய பின்பும் சிறுவர் தம் வேலையைத் தொடர்ந்தனர். நைற்றிங்கேல் அம்மையார் அநுபவத்தாற் கண்டதும் இவ்வறிஞர் பரிசோதனையாற் கண்டதும் ஒன்றே. தலைவர் இல்லாதபோது நடப்பதே தலைமையின் உரைகல்.

இரண்டாவதாக, 1996இல் ஏமி எட்மன்சன் என்பவர் வெளியிட்ட ஆராய்ச்சி. இரு ஆஸ்பத்திரிகளின் எட்டு விடுதிகளில், மருந்து கொடுப்பதில் நேரும் தவறுகளை அவர் ஆராய்ந்தார். நல்ல தலைமையுள்ள விடுதியிலே தவறு குறைவாயிருக்கும் என்பதே எவரும் எதிர்பார்ப்பது. கணக்கோ மாறாக இருந்தது. அங்கேதான் வெளிப்பட்ட தவறுகள் அதிகம். காரணம் யாது? அங்குள்ள தாதியர் அஞ்சாது வாய்திறந்தனர். கடுமையான தலைமையின்கீழ் இருந்தோர் மறைத்தனர். மறைத்த தவறு திருத்தப்படுவதில்லை. மீண்டும் மற்றொரு நோயாளியைச் சென்றடைகின்றது. இக்கொள்கையைக் கல்லாத தலைமைத்தாதி, "என் விடுதியிலே தவறே இல்லை" என்று பெருமை கொள்வார். கற்றவரோ, "ஏன் ஒருவரும் என்னிடம் எதுவும் சொல்வதில்லை?" என்று கவலை கொள்வார்.

மூன்றாவது, ஆளணி பற்றியது. தாதியும் சமூகவியலறிஞருமான லின்டா எயிக்கன் என்பவரும் அவர் குழுவினரும் பென்சில்வேனியா மாநிலத்தின் 168 ஆஸ்பத்திரிகளை ஆராய்ந்து 2002இல் முடிபுகளை வெளியிட்டனர். சத்திரசிகிச்சை பெற்றோரிடையே, ஒரு தாதியின் பொறுப்பில் ஒரு நோயாளி கூடுந்தோறும், முப்பது நாளுக்குள் மரணம் நேர்வதற்கான வாய்ப்பு நூற்றுக்கு 7 வீதம் கூடியிருந்தது. ஆகவே கடமைப் பட்டியல் எழுதுவது வெறும் எழுதுவினைஞர் வேலையன்று. உயிரோடு தொடர்புடைய வேலை. "ஆள் போதாது" என்று முறையிடும் தாதியின் சொல் காற்றோடு போகலாம். கணக்கோடு சென்று நிற்பவரின் சொல்லை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. உயர்கல்வி தாதியர்க்கு அளிக்கும் வலிமை இதுவே.

இவ்வறிவு இல்லாதவிடத்து நேரும் கேட்டையும் சொல்லாமல் விடலாகாது. இங்கிலாந்தில் ஸ்ராபோட் என்னும் ஊரின் ஆஸ்பத்திரியிலே 2005 முதல் 2009 வரை நிகழ்ந்த அவலங்களை விசாரித்த றொபேட் பிரான்சிஸ் என்பவரின் அறிக்கை 2013இல் வெளியாயிற்று. நோயாளிகள் தண்ணீர் எட்டாது தவித்தனர். அழுக்குத் துணியிலே கிடந்தனர். அங்கே நல்ல மனமுள்ள தாதியர் இல்லாமலில்லை. செலவைக் குறைப்பதிலும் மேலிடம் விதித்த இலக்குகளை எட்டுவதிலுமே நிருவாகத்தின் கண் இருந்தது, ஆளணி குறைந்தது, எச்சரித்தவரின் குரல் செவிசாய்க்கப்படவில்லை. முகாமை அங்கும் இருந்தது. ஆனால் அது கட்டிலருகே என்ன நடக்கின்றது என்பதை மறந்த முகாமை.

ஆதலின், பட்டம் பெற்றவர் மேசைக்குப் போய்விடுவர் என்ற பெரியோரின் அச்சத்தையும் நாம் புறக்கணிக்கவில்லை. பரீட்சைக்கென மனனம் செய்த கொள்கை ஒருவரையும் காப்பாற்றாது. மாற்றத்தை விளைப்பதற்கு 1947இல் லெவின் மூன்று படிகளைக் கூறினார். உறைந்த பழக்கத்தை இளக்குதல், புதியதற்கு நகர்த்துதல், அதனை மீண்டும் உறையச் செய்தல் என்பன அவை. தாதியர் கடமை மாறும்போது நோயாளியின் கட்டிலருகே நின்றே விபரங்களைக் கையளிக்கும் வழக்கத்தை ஒரு விடுதியிலே புகுத்த முயல்பவர்க்குத்தான் இம்மூன்றும் விளங்கும். பழைய முறையின் குறையை எல்லோரும் தாமே உணருமுன் கட்டளை பிறப்பித்தால், மேலதிகாரி வரும் நாளில் மாத்திரம் அது நடக்கும். ஐக்கிய அமெரிக்காவின் தாதியர் கல்லூரிச் சங்கம் 2011இல் முதுமாணிப் படிப்புக்கு வகுத்த ஒன்பது அடிப்படைகளுள், நிறுவன ஒழுங்கிலும் தலைமை வகித்தல் இரண்டாவதாக வைக்கப்பெற்றது. கற்றதைக் களத்திலே செய்துகாட்டும் பயிற்சியும் அங்கே வற்புறுத்தப்பட்டது. கொள்கை விளக்குப் போன்றது; நடப்பவன் கால் வேறு. இரண்டும் வேண்டும்.

இளைஞர்களே! உங்களுட் சிலர் தாதிமைத் தொழிலை மேற்கொண்டு உயர்கல்விக்கும் செல்வீர்கள். அப்போது இப்பாடத்தைப் பதவிக்கு ஏணியாகக் கருதாது, இரவு இரண்டு மணிக்கு விழித்துக் கிடக்கும் நோயாளியை மனத்திருத்திக் கற்பீர்களாக. ஆண்களே, இது பெண்கள் தொழில் என்று விலகாதீர்கள். பெரியோர்களே! உங்கள் பிள்ளை தாதியாக வேண்டுமென்று சொல்லும்போது, அதனைத் தாழ்ந்த தொழிலென எண்ணித் தடுக்காதீர்கள். "மேற்கொண்டும் படிக்கப் போகிறேன்" என்னும்போது, "தாதிக்கு இவ்வளவு படிப்பு எதற்கு?" என்றும் கேளாதீர்கள். அந்தப் படிப்பின் பயன் ஒரு நாள் உங்கள் கட்டிலருகே வந்து நிற்கும்.

நாம் இல்லாத வேளையிலும் நற்பணி நடக்கவேண்டும். ஆஸ்பத்திரி விடுதிக்கு மட்டுமன்று, நம் சங்கத்துக்கும் இதுவே விதி.