சுற்றமும் பொறுப்பும்

பொரளைச் சந்தியில் அந்தி நேரத்தில் மனிதர்க்குப் பஞ்சமில்லை. மருதானைப் பக்கமிருந்தும் இராஜகிரியப் பக்கமிருந்தும் வரும் பேருந்துகள் கூட்டத்தை இறக்கியும் ஏற்றியும் செல்கின்றன. எனினும், மலைநாட்டுத் தோட்டமொன்றிலிருந்து வேலையின் பொருட்டு வந்து, யாரோ ஒருவர் வீட்டின் பின்னறையில் வாடகைக்கு வாழும் இளைஞனை எண்ணிப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அவனைப் பெயர் சொல்லி அழைப்பார் ஒருவருமில்லாதிருக்கலாம். கூட்டம் வேறு, சுற்றம் வேறு.

இத்தகையோர் வெள்ளவத்தைக் கோயில்களிலும் கொட்டாஞ்சேனைத் தேவாலயங்களிலும் சுற்றம் தேடுவது வழக்கம். மிகச் சிலர், உலகம் மோர்மன் சபை என்றழைக்கும் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்துவின் சபையை நாடுவதும் உண்டு. 1830ஆம் ஆண்டு ஏப்ரல் 6ஆம் நாள், அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் ஜோசப் ஸ்மித் என்பவர் நிறுவிய சபை இது. 1853ஆம் ஆண்டிலேயே அதன் போதகர் இருவர் இலங்கைக்கு வந்தனர். ஆயினும் அவர்தம் முயற்சி வேரூன்றவில்லை. அச்சபையின் கோட்பாடுகள் சிலவற்றைப் பிற கிறிஸ்தவ சபைகள் ஏற்பதில்லை. அவ்வாதம் ஒருபுறமிருக்க, தனித்திருப்பவனை அது எவ்வாறு தன்னவனாக்குகின்றது என்பதே இங்கு ஆராயத்தக்கது.

அச்சபையின் ஊர்க்கூட்டங்களில் ஊதியம் பெறும் குருமார் இல்லை. வாரநாளில் கணக்கு எழுதுபவரோ கடை நடத்துபவரோ ஞாயிறன்று தலைமை தாங்குகின்றார். அப்பமும் நீரும் பகிர்ந்த பின்னர், உறுப்பினரே முறைவைத்து எழுந்து பேசுகின்றனர். சிறுவர்க்குப் பாடம் சொல்லுதல், பாட்டு நடத்துதல், நோயுற்றோரைப் பார்த்து வருதல் என ஒவ்வொருவர்க்கும் ஒரு பணி உண்டு. அதனை 'அழைப்பு' என்பர். மாதத்தின் முதல் ஞாயிறன்று இருவேளை உணவை ஒறுத்து, அதற்காகும் பணத்தை வறியோர்க்கு அளிக்கின்றனர்.

புதிதாக வந்தவனிடம் "வாருங்கள், அமருங்கள்" என்பதோடு அவர்கள் நிற்பதில்லை. "இதனை நீங்கள் செய்ய வேண்டும்" என்றும் கேட்கின்றனர். விருந்தினன் நினைத்தபோது எழுந்து போகலாம். அடுத்த வாரம் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்ல வேண்டியவன் அவ்வாறு போதல் இயலாது. அவன் வாராவிடின் அவனிடம் வெறுமையாகும். அவ்வெறுமையைக் கண்டு, அவனைத் தேடி ஒருவர் வருவார். தன் வருகையை எதிர்பார்ப்பார் உளர் என்னும் உணர்வே உறவின் தொடக்கமாகும்.

இவ்வுறவுக்காகக் காத்திருந்த தமிழர் ஒருவரும் உண்டு. கோயம்புத்தூரில் கணக்கராயிருந்த பால் திருத்துவதாஸ் என்பவருக்கு 1954ஆம் ஆண்டு அச்சபையின் துண்டுப்பிரசுரம் ஒன்று கிடைத்தது. அவர் அமெரிக்காவிலிருந்த தலைமையகத்துடன் கடிதத் தொடர்பு கொண்டார். ஆனால் அவ்வூரில் சேர்ந்து வழிபடக் கூட்டமில்லை. 1965ஆம் ஆண்டிலேயே அவர் ஞானஸ்நானம் பெற்றார். நம்பிக்கை கடிதத்தில் வரலாம். சுற்றம் கடிதத்தில் வராது. ஆகவே அவர் தம்மூரிலேயே மக்களைக் கூட்டத் தலைப்பட்டார்.

புதிய சுற்றம் விலையின்றிக் கிடைப்பதன்று. 1833ஆம் ஆண்டு முதல் வழங்கும் ஒரு நெறியின்படி, அச்சபையார் மதுவும் புகையிலையும் மட்டுமன்றி, தேநீரும் கோப்பியும் விலக்குகின்றனர். பொரளையின் பின்னறையிலிருந்து நம் இளைஞன் விடுமுறைக்குத் தோட்டத்துக்குச் செல்கின்றான் என்று கொள்வோம். தாய் கொழுந்து பறித்து அவனை வளர்த்தவள். அவள் ஆவி பறக்க நீட்டும் தேநீரை அவன் எவ்வாறு மறுப்பான்? நகரில் ஒரு வீட்டைப் பெற்றவன், பிறந்த வீட்டில் அந்நியனாதல் நேரிடலாம். அவள் மனம் வருந்தின், அவன் பெற்ற ஆறுதலிற் பாதி அங்கேயே கழிந்துவிடும்.

ஆயினும் அவன் சபையிற் கற்ற பாடம் இங்கும் துணையாகும். அடுப்படியில் அமர்ந்து, "அம்மா, கொத்தமல்லி அவித்துத் தாருங்கள், விறகை நான் பிளக்கின்றேன்" என்று அவன் சொல்லட்டும். மறுத்தது தேநீரை, தன்னையன்று என்பதைத் தாய் உணர்வாள். நகரத்துச் சபையாயினும் தோட்டத்து லயமாயினும், தனக்கென ஒரு பணியை ஏற்றுக்கொண்டவனுக்கே அங்கு இடம் நிலைக்கின்றது.