கட்டை போடுபவர் யார்?



மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலின் பஞ்சரத பவனியைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். வடம் பிடிக்க ஊரே வரும். ஆனால் சில்லுக்குக் கட்டை போடுபவரை முன்கூட்டியே நியமிக்க வேண்டும். "யாராவது போடுவார்கள்" என்று விட முடியாது.

நூற்றாண்டுப் பணிகளைக் குழுக்களுக்குப் பகிர்வது பற்றிப் பேசச் சொன்னீர்கள். என் துறையிலிருந்து ஓர் உதாரணம் சொல்கிறேன்.

நம் மாவட்டத்தின் வடக்கே, தம்புள்ளைப் பக்கம், ஒரு காலத்தில் மலேரியா வாட்டிய பூமி. 1963இல் நாடு முழுவதும் 17 பேருக்கே மலேரியா பதிவானது. வேலை முடிந்தது என்று மருந்து தெளிப்பும் கண்காணிப்பும் தளர்ந்தன. 1969இல் அந்த எண்ணிக்கை 5 இலட்சத்தைத் தாண்டியது. உள்ளூர்த் தொற்று 2012இல்தான் நின்றது. 2016இல் உலக சுகாதார நிறுவனம் சான்றிதழ் தந்தது. இம்முறை வேலையைக் கலைத்துவிடவில்லை. நுளம்பைத் தேட, இரத்தப் பூச்சைப் பார்க்க, வெளிநாட்டிலிருந்து நோயோடு வந்தவரின் வீட்டுக்குப் போக, இன்றும் தனித்தனியே ஆள் உண்டு. நோயாளி இல்லாத நோய்க்கும் பொறுப்பாளர் உண்டு.

இனி நம் வீட்டுக் கதை. நான் உயர்தரம் படித்தபோது சங்கம் மாதாமாதம் உதவிப்பணம் தந்தது. ஓர் அக்கா கொண்டுவந்து கையில் தருவார். அவர் கனடா போனதும் அது நின்றது. காசு வங்கியில் இருந்தது. செயலாளர் கொடுப்பார் என்று பொருளாளரும், பொருளாளர் கொடுப்பார் என்று செயலாளரும் இருந்துவிட்டார்கள். எட்டு மாதம்! என் அப்பா பஸ் காசுக்குக் கடன் வாங்கினார். அதே பணத்தை நம்பியிருந்த என் தோழி படிப்பை விட்டாள். என்னைவிடக் கெட்டிக்காரி அவள். யாருக்கும் கெட்ட மனமில்லை; பொறுப்பு யாருடையது என்று எழுதியிருக்கவில்லை, அவ்வளவுதான்.

ஆகவே, நூலகம் கொழும்புக் கிளைக்கு, புலமைப்பரிசில் லண்டன் கிளைக்கு என்று தீர்மானம் எழுதினால் போதாது. கிளைக்குக் கைபேசி இல்லை, ஆளுக்குத்தான் உண்டு. ஒவ்வொரு பணிக்கும் எதிரே ஒருவரின் பெயர், முடிக்கும் திகதி, அவர் விலகினால் வருபவரின் பெயர், இந்த மூன்றையும் எழுதுவோம். ஆண்டுக் கூட்டத்தில் வாசிப்போம்.

புலமைப்பரிசிலுக்கு எதிரே என் பெயரை எழுதுங்கள். பக்கத்தில் ஒரு தங்கையின் பெயருக்கு இடம் விடுங்கள்.