பையனுக்கு மியூட் கிடையாதுல்ல

போன வாரம் லஞ்ச் டைம்ல ஒருத்தர், "லாக்டவுன்ல வீட்லயே இருந்தோம், அதுதான் பொற்காலம்"னு சொன்னார். எதிர்ல இருந்த அக்கா ஒண்ணும் பேசல, சும்மா சிரிச்சாங்க. அந்தச் சிரிப்புக்குப் பின்னால இருக்கற கதையைத்தான் இன்னைக்குச் சொல்லப் போறேன். அவங்ககிட்ட கேட்டுட்டுத்தான் சொல்றேன்.

2020 மார்ச்ல ஸ்கூலை மூடினாங்க. தமிழ்நாட்டுல ஒண்ணாவதுல இருந்து எட்டாவது வரைக்கும் படிக்கற பசங்க திரும்ப வகுப்புக்குப் போனது 2021 நவம்பர் 1-ஆம் தேதி. 19 மாசத்துக்கு மேல! அந்த நேரத்துல சரவணம்பட்டி, கீரணத்தம் ஐடி ஆபீஸ் எல்லாம் வீட்டு ஹாலுக்கு வந்திருச்சு. ஒரே ஹால்ல ஆபீஸும் ஸ்கூலும்.

எனக்கு அப்போ கல்யாணம் ஆகல. குழந்தை, குட்டி எதுவும் இல்ல. எங்க டீம் ஸ்டாண்டப் மீட்டிங் காலைல ஒன்பதரைக்கு. பேருக்குத்தான் பதினஞ்சு நிமிஷம், ஓடறது முக்கால் மணி நேரம். கேலண்டர்ல அந்த நேரத்தைப் போட்டது நான்தான். ரெண்டாவது படிக்கற அக்கா பையனுக்கும் ஒன்பதரைக்குத்தான் ஆன்லைன் கிளாஸ். அது எனக்குத் தெரியாது. நான் கேட்கவும் இல்ல.

2021 ஜூன். கோவையில தினசரி கொரோனா எண்ணிக்கை சென்னையையே தாண்டிப் போயிருந்த சமயம். மீட்டிங் நடுவுல திடீர்னு அக்காவோட குரல்: "எத்தனை தடவைடா சொல்றது? வீடியோவை ஆன் பண்ணு!" அடுத்து பளார்னு ஒரு சத்தம். அப்புறம் பையன் அழற சத்தம்.

யாரும் வாய் திறக்கல. நான் சாட்ல "அக்கா, மைக் ஆன்ல இருக்குங்க"ன்னு போட்டேன். உடனே மியூட். ரெண்டு நிமிஷம் கழிச்சு வந்து, "நேத்து ரெண்டு பக் முடிச்சாச்சு, இன்னைக்கு டெஸ்டிங்"னு சாதாரணமாச் சொன்னாங்க. அவங்க மானத்தைக் காப்பாத்திட்டோம்னு நானும் நினைச்சுக்கிட்டேன்.

ரொம்ப நாள் கழிச்சு அவங்களே சொன்னாங்க: "நீ சொன்ன, நான் மியூட் பண்ணேன் தம்பி. பையனுக்கு மியூட் கிடையாதுல்ல? அவன் எல்லாத்தையும் கேட்டான்."

அன்னைக்கு அவங்க மாமியாருக்குக் காய்ச்சல். டெஸ்ட் ரிசல்ட்டுக்குக் காத்துட்டு இருந்தாங்க. அந்தப் பயம் மாமியார் மேலயும் காட்ட முடியாது, மேனேஜர் மேலயும் காட்ட முடியாது. கைக்கு எட்டற தூரத்துல இருந்தது ஏழு வயசுப் பையன் மட்டும்தான்.

சாயங்காலம் அவன்கிட்டப் போய், "சாமி, அம்மாவுக்கு உன் மேல கோபமில்ல, ஆபீஸ் டென்ஷன். அடிச்சது தப்பு"ன்னாங்களாம். அவன் யோசிச்சுட்டு, "அப்ப ஆபீஸைத்தானே அடிச்சிருக்கோணும்?"னு கேட்டானாம்.

பையன் கேட்டது சரிதானே?

2020 ஜூலைல மத்திய அரசு 'பிரக்யாதா'ன்னு ஒரு வழிகாட்டுதல் கொடுத்தது. எட்டாவது வரைக்கும் ஒரு நாளைக்கு ரெண்டு ஆன்லைன் வகுப்புக்கு மேல வேண்டாம், ஒவ்வொண்ணும் 30 முதல் 45 நிமிஷம்னு அதுல இருந்துச்சு. பசங்களுக்கு ஒரு வரம்பு போட்டாங்க. பக்கத்துல உட்கார்ந்திருந்த அம்மா அப்பாவோட மீட்டிங்குக்கு யாரும் வரம்பு போடல. அதுக்குப் பதிலா, "மூச்சை இழுத்து விடுங்க"ன்னு ஆபீஸ்ல வெபினார் வெச்சாங்க. அதுவும் கிளாஸ் நேரத்துலதான்!

மூச்சுப் பயிற்சியை நான் குறை சொல்லல. ஆனா கோபத்தை எப்பவும் ஒரு ஆளோட குணமாவே பார்க்கறோம். பாதிக் கோபம் டைம்டேபிள்ல இருக்கு. மறுநாள் அக்கா, "ஸ்டாண்டப்பை பதினொண்ணுக்கு மாத்த முடியுமா?"ன்னு தயங்கித் தயங்கிக் கேட்டாங்க. மாத்தறதுக்கு எனக்கு ரெண்டு கிளிக்தான் ஆச்சு. அதுக்கப்புறம் அவங்க வீட்ல சத்தமே வரலன்னு சொல்ல மாட்டேன். ஆனா அந்த ஒன்பதரை மணிச் சண்டை நின்னுச்சுன்னாங்க. ஒரு வருஷம் முன்னாடியே அந்த ரெண்டு கிளிக்கைப் பண்ணியிருக்கலாமேங்கறது எனக்கு இன்னும் உறுத்துது.

அதனால பெற்றோருக்கு ஒண்ணு: கோபம் வராம இருக்காது. வந்தா, அன்னைக்கு ராத்திரிக்குள்ள குழந்தைகிட்ட போய் "உன் தப்பில்ல"ன்னு சொல்லிடுங்க. இல்லன்னா தப்பு தன் மேலதான்னு அதுவே முடிவு பண்ணிக்கும்.

என்னை மாதிரி குழந்தை இல்லாதவங்களுக்கு ஒண்ணு: இன்வைட் அனுப்பறதுக்கு முன்னாடி, "இந்த நேரம் உங்களுக்குத் தோதுப்படுமா?"ன்னு கேளுங்க.

அடுத்த எபிசோட்ல பார்க்கலாங்க.