மடையை அடைத்த மருந்து

கண்மாயில் ஒரு மடையை அடைத்தால் அதற்குக் கீழேயுள்ள வயல் காயும். முதுகுளத்தூர்ப் பக்கத்து விவசாயிக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. மூளைக்கட்டி மருத்துவத்திலும் இதே வித்தை நடக்கிறது.

‘வளர், பெருகு’ என்ற கட்டளை செல்லுக்குள் புரதம் புரதமாகக் கைமாறிப் போகும். அதில் ஒரு மடை, எம்டார் என்ற புரதம். டியூபரஸ் ஸ்கிளிரோசிஸ் என்ற மரபணு நோயில் அந்த மடை திறந்தே கிடக்கும். சில குழந்தைகளுக்கு மூளைக்குள் கட்டி வளரும்.

அந்த மடையை அடைக்கும் மருந்தின் பூர்விகம் ஈஸ்டர் தீவின் மண். அந்த மண்ணிலிருந்த பாக்டீரியாவிலிருந்து ராபமைசின் என்ற மருந்தைப் பிரித்தெடுத்தது, காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் படித்த சுரேந்திரநாத் சேகலின் குழு. தான் வேலைபார்த்த மான்ட்ரியல் ஆய்வுக்கூடம் மூடப்பட்டபோது அந்த பாக்டீரியாவைத் தன் வீட்டு ஃப்ரீசரில் வைத்துக் காப்பாற்றினார் மனிதர்!

ராபமைசினின் வாரிசுதான் எவரோலிமஸ் என்ற மருந்து. 2010இல் வெளியான ஆய்வில், இதைப் பெற்ற டியூபரஸ் ஸ்கிளிரோசிஸ் நோயாளிகள் 28 பேரில் 21 பேருக்கு ஆறே மாதத்தில் கட்டி 30 சதவீதமாவது சுருங்கியிருந்தது.

கிளியோபிளாஸ்டோமா என்ற மூளைக்கட்டி மட்டும் பொல்லாதது. ஒரு மடையை அடைத்தால் வேறிடத்தில் கரையை உடைத்துக்கொள்கிறது.

விடியற்காலைத் தலைவலியோடு வாந்தியும் தொடர்ந்தாலோ, புதிதாக வலிப்பு வந்தாலோ, அது மூளைக்கட்டியாகவும் இருக்கலாம் என்பதால் கைவைத்தியம் பார்த்துக்கொண்டிராமல் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.