வலி தணிக்கும் மாத்திரை



மார்கழிக் குளிர் தமிழ்நாட்டில் கோலத்திற்கும் பஜனைக்கும் உரியது. டில்லியிலோ அது எலும்புக்குள் புகுந்து குடியேறிவிடும். ஊரிலிருந்து பெற்றோரை வரவழைத்து உடன் வைத்துக்கொள்ளும் நம்மவர் இதனை நன்கறிவர்.

சில ஆண்டுகளுக்கு முன் அத்தகையதொரு குளிர்காலத்தில் எம் அன்னையார் கும்பகோணத்திலிருந்து வந்து எம்முடன் தங்கினார். வயது எழுபத்திரண்டு. முழங்கால் வலி பழைய சொத்து. ஊர் மருத்துவர் எழுதிக் கொடுத்த மாத்திரையைப் பெட்டியில் கொணர்ந்திருந்தார். குளிரில் வலி மிகவே, நாம் அலுவலகத்திலிருந்து திரும்பும் வழியில் ஒரு மருந்துக் கடையில் நின்று, முழங்கால் வலிக்கு ஏதேனும் கொடுக்குமாறு கேட்டோம். கடைக்காரர் மருந்துச் சீட்டுக் கேட்கவில்லை. மருத்துவருக்குக் கொடுக்கும் கட்டணம் மிஞ்சிற்று என்று நாமும் மகிழ்ந்தோம்.

ஊர் மாத்திரை காலை ஒன்று, இரவு ஒன்று. கடை மாத்திரையும் அவ்வாறே. நிறம் வேறு, பெயர் வேறு. இவற்றோடு, இதயத்திற்கென்று முன்பே மருத்துவர் சொல்லியிருந்த சிறிய ஆஸ்பிரின் மாத்திரையும் உண்டு. மூன்று வாரம் சென்றது. வலி குறைந்தது, ஆனால் அன்னையார் சோர்ந்து போனார். மலம் தார்போலக் கறுத்துப் போவதை அவர் கண்டிருக்கிறார்; மகனிடம் சொல்லக் கூச்சப்பட்டு மறைத்துவிட்டார். ஒருநாள் விடியலில் விளக்கேற்றப் போனவர் மயங்கி விழுந்தார். மருத்துவமனையில் இரைப்பைப் புண்ணிலிருந்து குருதி கசிவதாகச் சொல்லி, இரண்டு பை குருதி ஏற்றினார்கள். இரு மாத்திரை அட்டைகளையும் வாங்கிப் பார்த்த இளம் மருத்துவர் சொன்னது இரண்டே சொல்: "இரண்டும் ஒன்றே."

அந்த ஒன்று, டைக்ளோஃபெனாக். ஒவ்வொரு மாத்திரையிலும் 50 மில்லிகிராம். நாள் ஒன்றுக்கு நான்கு மாத்திரை, ஆக 200 மில்லிகிராம். வளர்ந்தவர்க்கு வழக்கமான உச்ச அளவே 150 தான். முதியோர்க்கு அதனினும் குறைவே நன்று. ஆவணங்களின் அடிக்குறிப்பு வரையில் துருவிப் படித்து மொழிபெயர்த்துப் பிழைக்கும் நாம், அன்னையின் மாத்திரை அட்டையைப் படிக்கவில்லை.

இம்மருந்து தீயதென்று சொல்ல வரவில்லை. மூட்டு வாதம், முதுகு வலி, பல் பிடுங்கிய நோவு ஆகியவற்றில் இது செய்யும் உதவி பெரிது. உடலில் புராஸ்டாகிளாண்டின் என்னும் பொருள்கள் சுரந்து வீக்கத்தையும் வலியையும் உண்டாக்குகின்றன. ஆஸ்பிரின் இனத்து மருந்துகள் அச்சுரப்பைத் தடுக்கின்றன. இதனை 1971-இல் விளக்கிய ஆங்கில அறிஞர் ஜான் வேன் 1982-இல் நோபெல் பரிசில் பங்கு பெற்றார். இடர் யாதெனில், அதே புராஸ்டாகிளாண்டின்களே இரைப்பையின் உட்சுவரைக் காக்கும் சளிப்படலத்தைப் பேணுகின்றன. சிறுநீரகத்திற்குக் குருதி குறையாமல் பார்த்துக்கொள்கின்றன. பகைவனைத் தேடிவந்த மருந்து காவலனையும் சேர்த்துக் கட்டிப்போடுகிறது.

இதனால்தான் "ஊசியாகப் போட்டுக்கொண்டால் வயிற்றுக்குக் கெடுதியில்லை" என்னும் பேச்சு தவறாகிறது. எவ்வழியாகச் சென்றாலும் மருந்து குருதியில் கலந்து இரைப்பைச் சுவரை அடைகிறது. மாத்திரையின் மேற்பூச்சு, அது இரைப்பையில் கரையாமல் குடலில் கரைவதற்காக இடப்பட்டது. அதனைப் பொடித்துத் தேனில் குழைத்துக் கொடுத்தல் ஆகாது. உணவுக்குப் பின் கொள்வது எரிச்சலைக் குறைக்கலாம். புண்ணைத் தடுக்கும் கவசமன்று. முதியோர்க்கு வயிற்றைக் காக்கும் வேறொரு மாத்திரையையும் மருத்துவர் உடன் எழுதுவதுண்டு. வலிக்கும் மூட்டின்மேல் தடவும் களிம்பிலிருந்து குருதிக்குச் செல்லும் மருந்து மிகக் குறைவாகையால், முழங்காலுக்கு அது போதுமா என்று அவரைக் கேட்பதில் தவறில்லை.

எவர்க்கு இது ஆகாது? நாம் ஒருமுறை இத்தகைய குறிப்பொன்றைப் பெயர்க்கையில் "முரண்குறி" என்று எழுதினோம். மேலதிகாரி பாராட்டினார், வீட்டில் ஒருவருக்கும் விளங்கவில்லை. "கொடுக்கக் கூடாதவர்கள்" என்றே சொல்லிவிடுவோம். வயிற்றுப்புண்ணோ குருதிக்கசிவோ உள்ளவர்கள், சிறுநீரகம் மிகவும் நலிந்தவர்கள், ஆஸ்பிரினால் மூச்சிரைப்பு வந்தவர்கள், மாரடைப்பும் பக்கவாதமும் கண்டவர்கள். இதயம் பற்றிய எச்சரிக்கையை ஐரோப்பிய மருந்து வாரியம் 2013-இல் கடுமையாக்கியது. கருவுற்ற பெண்டிர் இருபது வாரத்திற்குப் பின் மருத்துவர் சொல்லாமல் தொடலாகாது. கடைசி மூன்று மாதங்களில் இது அறவே விலக்கு. குருதி உறையாமைக்கு மருந்து கொள்வோரும், குருதியழுத்த மாத்திரையோடு நீர்பிரிய மாத்திரையும் கொள்வோரும் அதனை மருத்துவரிடம் முதலிலேயே சொல்ல வேண்டும். நாகபுரியிலோ டில்லியிலோ கோடை வெயிலில் உடல் நீர் வற்றியிருக்கும்போது சிறுநீரகத்திற்கு வரும் இடர் இன்னும் மிகும்.

மும்பை நேயர்கள் வேறொரு செய்தியை அறிந்திருப்பர். மலபார் குன்றில் பார்சி மக்களின் இறுதிச் சடங்கிற்குப் பாறுகள் வராமற் போயின. வலிக்கென்று இம்மருந்து கொடுக்கப்பட்ட மாடு இறந்தால், அதன் ஊனை உண்ட பாறுகள் சிறுநீரகம் கெட்டு மாண்டன என்பது 2004-இல் தெளிவாயிற்று. 2006-இல் இந்திய அரசு கால்நடைகளுக்கு இதனைத் தடை செய்தது. பின்னரும் மனிதர்க்கான பெரிய ஊசிமருந்துக் குப்பிகள் தொழுவங்களுக்குச் சென்றமையால், 2015-இல் ஒரு வேளைக்குரிய சிறு குப்பியாக மட்டுமே அடைக்கும்படி ஆணை பிறந்தது. நம் சிறுநீரகம் பாறினுடையதைப்போல் அத்துணை மென்மையானதன்று. எனினும் மருந்தின் ஆற்றலுக்கு இதைவிடப் பெரிய சான்று எமக்குத் தெரியவில்லை.

மழைக்குப் பிந்திய காய்ச்சலுக்கும் இதனைத் தர வேண்டா. அது டெங்குவாக இருப்பின், குருதி கசியும் அந்நோயில் டைக்ளோஃபெனாக், இபுபுரோஃபென், ஆஸ்பிரின் ஆகிய மூன்றும் கேட்டை வளர்க்கும். காய்ச்சலுக்குத் தக்க அளவில் பாராசிட்டமால் உண்டு. ஆனால் இதயத்திற்கென்று நெடுநாள் ஆஸ்பிரின் கொள்பவர் தாமே அதனை நிறுத்திவிடாமல், காய்ச்சலைச் சொல்லி அன்றே மருத்துவரைக் கேட்க வேண்டும்.

மொழி தெரியாத ஊரில் இன்னொரு சங்கடமும் உண்டு. அட்டையில் பெரிதாக மின்னுவது கம்பெனி வைத்த பெயர். நாம் பார்க்க வேண்டியது மருந்தின் இயற்பெயர். ஒரே மாத்திரையில் டைக்ளோஃபெனாக்கோடு பாராசிட்டமாலும் தசைப்பிடிப்பு மருந்தும் கலந்திருப்பதுண்டு. ஆர் என்னும் ஆங்கில எழுத்தோடு பெருக்கல் குறிபோன்ற ஒன்று அச்சிட்டிருந்தால், அது சீட்டின்றி விற்கக் கூடாத மருந்து. விற்கிறார்கள் என்பது வேறு.

மலம் கறுத்தல், காப்பித்தூள் போன்ற வாந்தி, நெஞ்சு வலி, சிறுநீர் குறைதல், முகமோ காலோ வீங்குதல் — இவற்றில் ஒன்று கண்டாலும் மாத்திரையை நிறுத்தி உடனே மருத்துவமனை செல்ல வேண்டும். காலையில் பார்க்கலாம் என்று இருத்தல் ஆகாது.

அன்னையார் நலமாக ஊர் திரும்பினார். தாம் கொள்ளும் மருந்துகளின் இயற்பெயரையும் அளவையும் தமிழில் எழுதிய ஒரு தாள் இப்போது அவருடைய சுருக்குப்பையில், வெற்றிலைக்கும் சில்லறைக்கும் இடையே இருக்கிறது. எழுதியவர் நாம், பிழை திருத்தியவர் அந்த இளம் மருத்துவர். அவருக்குத் தமிழ் தெரியாது. நாம் ஒவ்வொரு வரியையும் இந்தியில் சொல்ல, தலையசைத்து அடியில் கையொப்பமிட்டார்.